வெள்ளிக்கிழமைக்கு இறங்கியிருப்பேன்

சித்தெ அந்தப் பையை மடியில வெச்சுக்கங்க தம்பி, நான் ஜன்னலோரம் உட்கார்ந்துக்கறேன். எனக்குக் காத்து வேணும். புஸ்தகம் படிக்கறவருக்கு எதுக்குங்க ஜன்னல்? செரி, காங்கயம் வரைக்கும் நான். காங்கயம் தாண்டினா நீங்க. ஆச்சா? நல்ல மனுசருங்க நீங்க, ஒரே பேச்சுல முடிச்சுட்டீங்க. நானா இருந்தா வெள்ளகோயில் வரைக்கும் இழுத்திருப்பேன்.

ஒன்பது மணி பஸ்ஸுக்கே வந்துட்டேனுங்க. விட்டுட்டேன். எல்லாம் இந்தச் சாத்துக்குடியாலதான். பஸ் ஸ்டாண்டு வாசல்ல கூடை வெச்சிருக்கற அம்மா ஒரு விலை சொல்லுச்சு. நான் ஒண்ணு கேட்டேன். அது பாதி இறங்குச்சு. நான் நடந்தேன். அது கூப்பிட்டுது. திரும்பிப் பார்த்தா பஸ் கிளம்பிப் போய்ட்டிருக்குது. ஓடிப் போய் ஏறியிருக்கலாம். ஆனா பேரம் பாதியில நிக்கும்போது எப்படிங்க ஏறறது? கடைசியில ஜெயிச்சது நான்தான். வேணும்னா எடுத்துப் பாருங்க, ஒண்ணுகூட நசுங்கினது கிடையாது.

கரூர் வரைக்கும் இல்லீங்க. வெள்ளகோயில் தாண்டி மூணாவது ஸ்டாப்பு, நாச்சிமுத்தூர் பிரிவு. பொண்டாட்டி ஊரு. அவ அங்கதான் இருக்கறா. நாப்பத்தியொரு நாளா.

அது என்னங்க புஸ்தகம், முழுசும் இங்கிலீஷா? படிச்சா எல்லாம் புரியுமா? பேங்கு உத்தியோகமா, அதானே பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன் தம்பி, பின்னால நாலு சீட்டு காலியாத்தான் இருக்குது. உங்க கையில அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் இங்க வந்து உட்கார்ந்தேன். எனக்கு ஒரு காரியம் ஆகோணும்.

இந்த நோட்டு. மேல இருக்கறது மஞ்சக்கறை, ஒட்டாது, தைரியமா வாங்குங்க. சமையல்கட்டுல மொளகாத்தூள் டப்பாவுக்குப் பின்னால கெடந்துச்சு. என் ஊட்டுக்காரி எழுதினது. இதுல நாலு பக்கம் படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லோணும், அவ்வளவுதான்.

ஏன் தயங்கறீங்க? அடுத்தவங்க எழுதினதா? நான் என்ன அடுத்தவனா, தாலி கட்டினவன். செரி, நாலு வேண்டாம், மூணு பக்கம். ஜன்னலுக்குக் காங்கயம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே எடுத்துக்கங்க. எந்திரிங்க, மாறி உட்காருங்க. இப்ப என்ன சொல்றீங்க?

திருப்பூர்ல படிச்சவங்க இல்லாமலா? எங்க காம்பவுண்டுலயே காலேஜ் பொண்ணு இருக்குது. ஆனா அது படிச்சா சாயந்திரத்துக்குள்ள காதர்பேட்டை முழுக்கத் தெரிஞ்சு போயிரும். என்ன எழுதி வெச்சிருக்கறாளோ யாரு கண்டா? உங்களை நான் பார்த்ததில்ல, இனிமேலும் பார்க்கப் போறதில்ல. அதனால உங்ககிட்ட.

இன்னொண்ணும் இருக்குதுங்க. விலை தெரியாம சந்தைக்குள்ள கால் வெக்கக்கூடாது. அவ மனசுல எவ்வளவு கோவம் இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் நான் எங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ண முடியும்.

என் பேரு அர்த்தநாரி. செகண்ட்ஸ் வியாபாரம். வெளிநாட்டுக்குத் தைக்கற பனியன்ல தையல் பிசகினது, சாயம் மாறினது, அளவு தப்பினது, இதையெல்லாம் லாட்டு லாட்டா வாங்கி விக்கறது. பதினோரு வயசுல கம்பெனியில வேஸ்ட்டுத் துணி கூட்டி அள்ளப் போனவன். எழுதப் படிக்கறது தமிழ் மட்டுக்கும். இங்கிலீஷ்ல நம்பர் தெரியும். அது போதும்னு இருந்தேன்.

பதினாலு வயசுல நடந்ததை ஒண்ணு சொல்றேன். முதலாளி ஒரு துணி மூட்டையை என் தலையில ஏத்தி ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்பினார். ஒருத்தர் வந்து விலை கேட்டார், சொன்னேன். அவர் ஒண்ணு சொன்னார், செரின்னுட்டேன். சந்தோசமா திரும்பி வந்தா முதலாளி பளார்னு ஒண்ணு விட்டார். இந்தக் காது இன்னும் மழை நாள்ல அடைச்சுக்கும். "எதிராளி முதல்ல சொல்றது எப்பவும் பொய்டா. அவன் மனசுல வேற இருக்கும். அதைக் கக்க வைக்கறதுதான் வியாபாரம்"னு சொன்னார். அதுக்கு அப்புறம் இந்த முப்பத்தெட்டு வருசத்துல யார் முதல்ல சொன்னதையும் நான் நம்பினதில்ல. நம்பாததாலதான் இன்னைக்கு சொந்தக் கடை, சொந்த வீடு.

ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற பார்ட்டிககூட பாஷை தெரியாமலே வியாபாரம் பண்றதுதான். நான் கால்குலேட்டர்ல ஒண்ணு அடிச்சுக் காட்டுவேன். அவர் அதை அழிச்சுட்டு ஒண்ணு அடிப்பார். நான் தலையில கை வெச்சுக்குவேன். அவர் எந்திரிப்பார். நான் கண்டுக்காம துணியை மடிப்பேன். திரும்பி வருவார். ஒரு வார்த்தை கிடையாது, கோடிக்கணக்குல சரக்கு போயிருக்குது.

பக்கத்துக் கடைக்காரன் இங்கிலீஷ் பேசறதுக்குன்னே ஒரு பொண்ணை வேலைக்கு வெச்சான். பார்ட்டியெல்லாம் அங்க போறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஊட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு, "நீ பத்தாவது பாஸ்தான? கத்துக்கிட்டு வந்து கடையில பேசு"ன்னேன். அவ பேரு சம்பூர்ணம். "இந்த வயசுலயா?"ன்னாள். "வயசா பேசப்போகுது, வாய்தான?"ன்னேன். நாந்தானுங்க கத்துக்கச் சொன்னது. அதைக் குறிச்சு வெச்சுக்கங்க.

போன்லயே வகுப்பு. வினோதினின்னு ஒரு மிஸ். காத்தால ஆறு மணிக்கு ஒரு சொல் அனுப்பும். ரெண்டு மூணு சின்ன வார்த்தை சேர்ந்தாப்பல இருக்கும். அதை வெச்சு, அன்னைக்கு வீட்டுல நடந்ததுல இருந்தே ஒரு வரி சொல்லி அனுப்போணும். புஸ்தகத்துல இருக்கறதைச் சொன்னா மிஸ் ஒத்துக்காது. சொந்த வாழ்க்கையில இருந்து வரணுமாம். அடுப்படியில நின்னுக்கிட்டு அவ முணுமுணுத்துட்டே இருப்பாள். கெட் அப்பு, டேக் ஆஃபு, அது இதுன்னு. எனக்கு காபி வந்தாச் செரின்னு இருப்பேன்.

ஆரம்பிங்க தம்பி. முதல் பக்கம்.

"நான் நாலரைக்கு எந்திரிக்கிறேன். அவர் காபி வந்ததும் எந்திரிக்கிறார்." இவ்வளவுதானா? உண்மைதானுங்க, இதுல என்ன தப்பு? கீழ செவப்பு மையில என்ன? "மிஸ் சொன்னது: வெரி குட்." ஹா! நான் தூங்கறதுக்கு இவளுக்கு வெரி குட்டு!

அடுத்தது? "ஃபேன் கடைக்காரர் சொன்ன விலையை என் கணவர் மூணு தடவை வேண்டாம்னுட்டார். சித்திரை மாசம் முழுக்க ஃபேன் இல்லாமல் தூங்கினோம்." ஏனுங்க, அந்த ஃபேனை அவன் கடைசியில எனக்கு எவ்வளவுக்குக் குடுத்தான்னு எழுதியிருக்கறாளா? இல்லையா? பாருங்க! வேர்த்தது ஞாபகம் இருக்குது, ஜெயிச்சது ஞாபகம் இல்ல. கீழ? "இயல்பான வாக்கியம், சபாஷ்." அந்த மிஸ்ஸு கல்யாணம் ஆகாதவளா இருக்கும்.

"எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அம்மா என்னைப் பார்த்துக்கிட்டாள். இப்ப அம்மாவை அண்ணி பார்த்துக்கிறாள். நான் கடையைப் பார்த்துக்கிறேன்."

...

ம். அடுத்த பக்கம் போங்க.

இல்ல இல்ல, நில்லுங்க. ஆடி எட்டாம் தேதி பக்கம் எங்க இருக்குதுன்னு பாருங்க. தேதி மேல போட்டிருப்பாள். அன்னைக்கு நடந்ததைச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க. கானாவுல இருந்து க்வாமேன்னு ஒருத்தர் வந்தார். ஆள் நம்ம கடை வாசல் நிலையில தலை இடிக்கற உசரம். பெரிய லாட்டு. மத்தியானம் வரைக்கும் கால்குலேட்டர் என் கைக்கும் அவர் கைக்கும் போய்ட்டு வருது, ரெண்டு பேரும் இறங்கல. சட்டுனு எனக்கு ஞாபகம் வந்துச்சு, சம்பூர்ணம் டிபன் கேரியரோட நிக்கறா. "ஏ, இங்க வா. மூணு மாசமா கத்துக்கறியே, இவர்கிட்ட ஏதாச்சும் பேசு. நம்ம சரக்கைப் பத்திச் சொல்லு"ன்னேன். அவ, "எனக்கு அன்னன்னைக்குப் பாடம்தானுங்க தெரியும்"னாள். "அதையே சொல்லு, இங்கிலீஷா இருந்தாச் செரி"ன்னேன். எல்லாரும் பார்க்கறாங்க. அவ கேரியரைக் கீழ வெச்சாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். ஒரே ஒரு வரி சொன்னாள் தம்பி, தடங்கலே இல்லாம. ஹியர்... அவுட்டுன்னு முடிஞ்சுது, அது மட்டும் என் காதுல நின்னுது.

க்வாமே கால்குலேட்டரைக் கீழ வெச்சுட்டார். அவளையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் எடுத்து, நான் கேட்ட விலையையே அடிச்சுக் காட்டினார்! ஒரு பைசா குறைக்கல. அவளைப் பார்த்து ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சு என்னமோ சொன்னார். எனக்குத் தலைகால் புரியல. ஒரே வரியில கவுத்துட்டாளே, அப்படி என்னதான் நம்ம பனியனைப் பத்திச் சொல்லியிருப்பாள்னு. அன்னைக்குப் பொழுதோட மாம்பழக் கலர்ல பட்டு எடுத்துக் குடுத்தேன், தெரியுமா? புடவைக் கடையில மட்டும் அன்னைக்கு நான் வாயே திறக்கல, சொன்ன விலைக்கு வாங்கினேன். வாழ்நாள்லயே ஒருக்காதான்.

அந்தப் பக்கத்தைத்தான் தேடறேன். கிடைச்சுதா? அதேதான், ஹியர் அவுட்டு. படிங்க, படிங்க.

என்ன தம்பி, மூடறீங்க?

பரவாயில்ல, சொல்லுங்க. நான் எத்தனையோ பேச்சு வாங்கினவன்.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் என் கணவர் ஒரு நாளும் கேட்டதில்லை."

இதுவா? ஹியர் அவுட்டுன்னா, பேசி முடிக்கற வரைக்கும் கேக்கறதா?

இதையா அந்த மனுசன் முன்னாடி சொன்னாள்? கடையில, அத்தனை பேருக்கு நடுவுல, நான் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டிட்டு இருக்கும்போதா? ஏய், என்ன நினைச்சுட்டு... இல்லீங்க கண்டக்டர், உங்களைச் சொல்லல. நீங்க அக்கட்டால போங்க. இது எங்க பேச்சு.

எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுங்க. சித்தெ இருங்க. தண்ணி இருக்குதா? நன்றிங்க.

அப்படின்னா க்வாமே என் சரக்குக்காக விலை ஏத்தல. என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை... போன வாரம் திரும்ப வந்தார் தம்பி. வந்ததும் கடைக்குள்ள எட்டிப் பார்த்து "மேடம்?"னார். இல்லைன்னு கையை ஆட்டினேன். நான் கால்குலேட்டரை நீட்டறேன், அவர் வாங்கவே இல்ல. கொஞ்ச நேரம் நின்னார். போய்ட்டார். நடந்து போறவனைத் திரும்ப வரவைக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். துணியை மடிச்சேன். மடிச்ச துணியையே நாலு தடவை மடிச்சேன். அவர் வரல. அதுக்குத்தான் இன்னைக்குக் கிளம்பினேன். கடைக்கு இங்கிலீஷ் பேச ஆள் வேணுமில்ல.

அன்னைக்கு ராத்திரி புடவையைக் குடுத்தப்ப அவ கேட்டாளுங்க. "ஏனுங்க, அவர்கிட்ட நான் என்ன சொன்னேன்னு கேக்கவே இல்லையே?"ன்னாள். "எதுக்குக் கேக்கோணும், அதான் வியாபாரம் முடிஞ்சுதே"ன்னேன். அவ ஒரு மாதிரி சிரிச்சாள். புடவை புடிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

காங்கயம் வந்துருச்சா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. நானும் வேண்டாம்.

இப்ப ஆவணி நாலாம் தேதிப் பக்கத்தை எடுங்க. எடுத்து வெச்சுக்கங்க, படிக்காதீங்க. அன்னைக்கு வியாழக்கிழமை. என்ன நடந்துச்சுன்னு நான் முதல்ல சொல்லிடறேன். அவ எழுதினதைக் கேட்டுட்டுச் சொன்னா நான் கதையை மாத்திச் சொல்ற மாதிரி இருக்கும்.

காத்தால பத்து மணி. கடை வாசல்ல லாரி நிக்குது, லோடு ஏத்தறோம். சம்பூர்ணம் ஊட்டுல இருந்து நடந்தே வந்துட்டாள். கையில போனு. "ஏனுங்க, அண்ணன் கூப்பிட்டாருங்க. அம்மா என்னையே கேக்குதாமா. இன்னைக்கே போகோணும்."

என் மாமியார் ஆறு மாசமாப் படுக்கையில. இந்த மாதிரி முன்னாலயும் ரெண்டு தடவை போன் வந்திருக்குது. போய்ப் பார்த்தா உட்கார்ந்து கஞ்சி குடிச்சுட்டு இருக்கும். அதனால நான், "ஞாயித்துக்கிழமை போலாம், கடை லீவு, நானும் வர்றேன்"னேன்.

"இன்னைக்குங்க"ன்னாள்.

கவனிங்க, அவ இறங்கல. செரி, நாம ஒரு படி இறங்குவோம்னு, "சனிக்கிழமை. காத்தால முதல் பஸ்ஸுக்கே ஏத்தி விடறேன்"னேன். சொல்லிட்டுத் திரும்பி லாரிப் பக்கம் நடந்தேன்.

அதுதான் தம்பி எங்க தொழில்ல கடைசிப் பிடி. விலையைச் சொல்லிட்டு நடந்துரோணும். திரும்பிப் பார்க்கக்கூடாது. பத்து அடிக்குள்ள எதிராளி கூப்பிடுவான். எப்பவும் கூப்பிடுவான். நான் மனசுக்குள்ள எண்ணிட்டே நடக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை போறேனே"ன்னு கேப்பாள். நான் கொஞ்சம் முகத்தைச் சுளிச்சுட்டு, செரி போன்னு சொல்லுவேன்.

நான் வெள்ளிக்கிழமைக்கு இறங்கியிருப்பேன் தம்பி! மனசுக்குள்ள அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் நடந்தேன். அந்த மாரியாத்தா மேல ஆணை. ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். ஏன், இன்னைக்கேன்னு இன்னொரு தடவை அடிச்சுச் சொல்லியிருந்தா அதுக்குங்கூட...

பத்து அடி நடந்தேன். அவ கூப்பிடல. திரும்பிப் பார்த்தேன். ஊட்டுப் பக்கம் போய்ட்டிருந்தாள். சத்தமில்லாமப் போனா வியாபாரத்துல என்ன அர்த்தம்? ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். சனிக்கிழமை படிஞ்சுதுன்னு நான் லோடு ஏத்தப் போய்ட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மச்சான் போன் பண்ணினார்.

நீங்க என்ன கேக்கறீங்கன்னு தெரியுது. நான் அவளைக் கட்டிப் போட்டனா? கால் இருக்குது, பஸ் இருக்குது, அவளாப் போயிருக்கலாமில்ல? நானும் அதையேதான் இந்த நாப்பத்தியொரு நாளும் கேட்டுட்டு இருக்கறேன், யார்கிட்டன்னு தெரியல. கல்யாணமான புதுசுல ஒருக்கா அப்படிச் சொல்லாமப் போனாளுங்க. தங்கச்சிக்குப் பிரசவம்னு. திரும்பி வந்த அன்னைக்கு நான் ஊட்டைப் பூட்டிட்டுக் கடைக்குப் போய்ட்டேன். பொழுது சாயற வரைக்கும் வாசப்படியிலயே உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கமெல்லாம் பார்த்துது. அது இருபத்திமூணு வருசத்துக்கு முந்தின கதை, அதெல்லாம் இப்ப அவளுக்கு ஞாபகம் இருக்காது.

இருக்கும்ங்கறீங்களா?

ம்.

எழவு ஊட்டுல அவ என்னைத் திட்டலீங்க. திட்டியிருந்தா நான் பதிலுக்கு நாலு சத்தம் போட்டிருப்பேன், அதோட தீர்ந்திருக்கும். வந்தவங்களுக்கு மோர் கலந்து குடுத்தாள், எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாள். அவங்க அண்ணி மட்டும் என் காதுபடச் சொல்லுச்சு: "வியாழக்கிழமை ராத்திரி முழுக்க வாசல் பக்கமே பார்த்துட்டு இருந்துச்சு அத்தை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் சம்பூர்ணமான்னு கேட்டுச்சு." கருமாதி முடிஞ்சுது. "கிளம்பலாமா?"ன்னேன். "நீங்க போங்க"ன்னாள். நானும் விடலீங்க, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் மெதுவாவே நடந்தேன். கூப்பிடுவாள்னு.

அதுக்கு அப்புறம் அவளும் போன் பண்ணல, நானும் பண்ணல. முதல்ல கூப்பிடறவன் தோத்தவன், இது எல்லா யாவாரிக்கும் தெரியும். முதல் பத்து நாள் வீராப்பாத்தான் இருந்தேன். அப்புறம் காத்தால ஆறு மணிக்கு முழிப்பு வந்துரும். அடுப்படியில முணுமுணுப்பு கேக்காது. போனைக் கையிலயே வெச்சுட்டுத் திரிவேன். இதோ, திருப்பூர்ல ஏறினதுல இருந்து கையிலதான் இருக்குது, நீங்களும் பார்த்துட்டுத்தான வர்றீங்க. மணி அடிச்சா உடனே எடுக்கோணுமில்ல.

செரி. இப்பப் படிங்க. வியாழக்கிழமை.

மெதுவாச் சொல்லுங்க, பஸ்ஸு சத்தத்துல கேக்கல.

"அம்மா என்னைக் கேட்கிறாள். என் கணவர் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்."

புட் ஆஃபா? தள்ளிப் போடறதுக்கு அதுதான் வார்த்தையா? காத்தால ஆறு மணிக்கு அந்த மிஸ்ஸு அந்தச் சொல்லைத்தான் அனுப்பியிருக்குதா? பத்து மணிக்கு நான் அதுக்கு வாக்கியம் குடுத்திருக்கறேன்.

கீழ என்ன எழுதியிருக்குது? சும்மா சொல்லுங்க. "வெரி குட். மிகச் சரி."

அவ்வளவுதானா? திட்டு ஒண்ணும் இல்லையா? பாவின்னு, கொலைகாரன்னு? நல்லாப் பாருங்க தம்பி, ஓரத்துல, பின்னாடி எங்கயாச்சும். இல்லையா. நான் என்னென்னமோ நினைச்சு வெச்சிருந்தேன். அவ இவ்வளவு கோவமா இருந்தா இவ்வளவு இறங்கறது, அதுக்கும் மேல இருந்தா பவுன்ல வளையல் போடறேன்னு சொல்லறது, அப்படியெல்லாம் கணக்குப் போட்டு வந்தேன். அவ பாட்டுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வெச்சிருக்கறா. கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. இன்னைக்கேன்னாள். இன்னைக்கேன்னுதான் அர்த்தம்.

அவ பேரமே பேசலீங்க. முதல் வார்த்தையிலயே கடைசி விலையைச் சொல்லியிருக்கறா. நான்தான் தனியா நின்னு பேரம் பேசியிருக்கறேன், செத்துக்கிட்டு இருந்த ஒரு பொம்பளையோட நாளை வெச்சு.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. ஜன்னல் காத்து. ஆமா, ஜன்னல் உங்க பக்கம்தான் இருக்குது.

இன்னும் ஒரு பக்கமா? ஆவணி அஞ்சு?

கையை எடுங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, அந்தப் பக்கத்தைப் படிக்காதீங்க. ஒரு எழுத்துக்கூடப் பார்க்காதீங்க. அது வெள்ளிக்கிழமை காத்தால எழுதினது. சேதி வந்தது மூணு மணிக்கு. நடுவுல அவ என்ன நினைச்சுட்டு இருந்தாள்னு அதுல இருக்குது. அப்பவும் எனக்கு நேரம் இருந்துச்சு, தெரியுங்களா? காத்தால இட்லி வெச்சாள், சாப்பிட்டேன். எதுக்கால நின்னாள். "என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னாள். சட்டினி உப்புன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போய்ட்டேன்.

நோட்டைக் குடுங்க. மூணு பக்கம்னு பேசினோம், அஞ்சு பக்கம் படிச்சுட்டீங்க, அதுவே அதிகம்.

வெள்ளகோயில் தாண்டிட்டமா? அப்ப ரெண்டாவது ஸ்டாப்பு வரப்போகுது. தம்பி, இந்தச் சாத்துக்குடிப் பையைச் சித்தெ பிடிங்க. நான் ஒரு போன் பண்ணிக்கறேன். நேர்லதான் போறமே, எதுக்கு இப்பன்னு பார்க்கறீங்களா? நேர்ல போனா அவங்க அண்ணன் இருப்பார், அண்ணி இருக்கும், நான் மாப்பிள்ளை முறுக்கோட பேச ஆரம்பிச்சுருவேன். என்னை எனக்குத் தெரியும். வாசப்படி ஏறறதுக்குள்ள நான் கூப்பிட்டிருக்கோணும். முதல்ல நான் கூப்பிட்டதா இருக்கோணும்.

ரிங்கு போகுது.

போகுது... எடுக்க மாட்டாளோ...

சம்பூர்ணம்? நான்தான். ஆமா. பஸ்ஸுல. அங்கதான் வந்துட்டிருக்கறேன்.

இல்ல, கடைக்காக இல்ல. கடையைப் பூட்டிட்டேன்.

அம்முணி, நீ அன்னைக்கு வந்து சொன்னியே, வியாழக்கிழமை... நான் அதை... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு. அன்னைக்கு இருந்து சொல்லு. நான் கேக்கறேன்.

ம்.

ம்.

தம்பி, மெதுவா! கண்டக்டர்கிட்டச் சத்தம் போட வேண்டாம்னு சொல்லுங்க. நாச்சிமுத்தூர் பிரிவுதான், தெரியுது. இறங்கலைன்னு சொல்லுங்க. போகட்டும். அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட்டு போடச் சொல்லுங்க, எவ்வளவுன்னாலும் குடுத்துருங்க, நான் தர்றேன். கரூர் வரைக்கும் போனாலும் செரி.

அவ இன்னும் பேசி முடிக்கல.